பாதி முட்டை

உக்காருங்க அண்ணாச்சி, இந்த இடம் சும்மாதான் கெடக்கு. பையை நான் எடுத்துக்கிடுதேன். டோக்கன் என்ன நம்பர்? நூத்தி எழுபதா? அப்ப மத்தியானம் ஆயிரும். எனக்கு நூத்தி முப்பத்தெட்டு. இப்பதான் தொண்ணூறு ஓடுது. திங்கக்கிழமை மனு நாள்னா கலெக்டர் ஆபீஸ் இப்படித்தான், கோழி கூப்பிடவே வந்து நிக்கணும். பட்டா விஷயமா வந்தியளா? கையில நாலு வருஷத்துக் காயிதத்தைக் கட்டி வச்சிருக்கியளே, பாத்தாலே தெரியுது.

நானா? என்ன மனுன்னு பொறவு சொல்லுதேன். முதல்ல ஒண்ணு கேக்கேன், உண்மையைச் சொல்லணும். அன்னா அந்தத் தூண்கிட்ட நிக்காரே, வெள்ளைச் சட்டைக்காரர், நீங்க வரும்போது உங்க காதுல என்னமோ சொன்னாருலா? "சத்துணவு டீச்சர், குழுவுல இருந்து தூக்கிட்டாவ, பதவியைத் திருப்பிக் கேக்க வந்திருக்கா"ன்னுதானே சொன்னாரு? சொல்லலையா? சொல்லலைன்னா ஏன் தலையைக் குனியுதிய?

யாரும் என்னைத் தூக்கலை அண்ணாச்சி. தங்கபுஷ்பத்தைத் தூக்குத கை இன்னும் முளைக்கலை. நானா எந்திரிச்சேன். நாற்காலியை ஒழுங்கா உள்ளே தள்ளிப் போட்டுட்டு எந்திரிச்சேன். இதை அந்த வெள்ளைச் சட்டைக்காரருக்கும் கேக்கட்டும்னுதான் கொஞ்சம் சத்தமாச் சொல்லுதேன்.

குழந்தைகள் நலக் குழுன்னு ஒண்ணு இருக்கு, தெரியுமா? தெரியாதா? ஊர்ல பாதிப் பேருக்குத் தெரியாது. காணாமப் போன பிள்ளை, அடிபட்ட பிள்ளை, வேலைக்கு வச்சிருந்த பிள்ளை, ரயில்வே ஸ்டேஷன்ல நின்னு அழுத பிள்ளை, இதுகளையெல்லாம் போலீஸோ, பிள்ளைகளுக்குன்னு இருக்க ஆயிரத்துத் தொண்ணூத்தெட்டு போன்காரவளோ எங்க முன்னால கொண்டாந்து நிறுத்துவாவ. பிள்ளையைத் தாய் தகப்பன்கிட்ட அனுப்பவா, இல்லத்துல சேக்கவான்னு நாங்க முடிவு பண்ணணும். ஒரு தலைவர், நாலு உறுப்பினர். மூணு பேராவது உக்காந்தாத்தான் உத்தரவு போட முடியும். கோர்ட்டு மாதிரின்னு வச்சிக்கிடுங்க, கூண்டு மட்டும் கிடையாது. சம்பளமும் கிடையாது. உக்காருத நாளைக்குப் படி குடுப்பாவ, அது பஸ்ஸுக்கும் காப்பிக்கும் சரியாப் போவும். ரிட்டயர் ஆனா மத்தவ ராமேஸ்வரம் போவா. நான் விண்ணப்பம் போட்டேன்.

முப்பத்தோரு வருஷம் சத்துணவு அமைப்பாளர் அண்ணாச்சி நான். நேர்காணல்ல ஒரு பெரிய அதிகாரி கேட்டாரு, "அம்மா, உங்க தகுதி என்ன?"ன்னு. "பிள்ளை சாப்பிடுததைப் பாத்தா அது வீட்டைச் சொல்லிருவேன் சார்"னேன். சிரிச்சாவ. சிரிச்சுட்டு வேலையையும் குடுத்தாவ.

விளையாட்டுக்குச் சொல்லலை. முட்டை போடுத அன்னைக்குப் பிள்ளைகளைப் பாக்கணும் நீங்க. தட்டுல விழுந்ததும் முட்டையை முதல்ல முழுங்குத பிள்ளை, வீட்டுல கூடப்பொறந்தது நெறைய, பிடுங்கிருவாவன்னு பயம். கடைசிக்குன்னு ஓரமா ஒதுக்கி வச்சுத் தின்னா, அது ஒத்தப் பிள்ளை, செல்லப் பிள்ளை. யாருக்கும் தெரியாம டவுசர்ப் பைக்குள்ள போட்டா, அந்த வீட்டுல அடுப்பு எரியலைன்னு அர்த்தம். இது எந்தப் பொஸ்தகத்துலயும் கிடையாது. நான் கண்டுபிடிச்சது. இப்ப நீங்க அந்த வடையைத் தின்னியளே, ஒரே வாயில. நீங்க கடைசிப் பிள்ளைதானே? மூத்தவரா? அப்ப உங்க தம்பிமாரு வாட்டசாட்டமா இருந்திருப்பானுவ. அதெல்லாம் என் கணக்கு தப்பாது.

அதனால குழு உக்காருத அன்னைக்கெல்லாம் தூக்குவாளியில அவிச்ச முட்டை கொண்டு போவேன், ஒரு பொட்டலம் உப்பும் மொளவும். தலைவர் தெய்வநாயகம் சார், காலேஜ்ல பிரின்சிபாலா இருந்தவரு, அவருக்கே பழகிப் போச்சு. பிள்ளை உள்ளே வந்ததும், "டீச்சர், சாட்சியை உரிங்க"ம்பாரு. ஒருதரம் ஒருத்தன் ஒரு பையனைக் கூட்டிட்டு வந்து, அக்கா மகன், அனுப்பிவிடுங்கன்னு நிக்கான். ஆதார் கார்டு, கடுதாசி, எல்லாம் பக்காவா இருக்கு. நான் முட்டையைக் குடுத்தேன். பையன் கையில வச்சிக்கிட்டு அவன் மூஞ்சியையே பாக்கான். அவனை வெளிய போவச் சொன்னேன். போனதும் பையன் ஓட்டோட கடிச்சான் அண்ணாச்சி. பொறவு விசாரிச்சா, முறுக்குக் கம்பெனியில எண்ணெய்ச் சட்டிகிட்ட நிக்கவச்சிருந்திருக்கான். மாமனாம் மாமன். அன்னைக்கு தெய்வநாயகம் சார் எந்திரிச்சு நின்னு எனக்குக் கும்பிடு போட்டாரு.

இதை எதுக்குச் சொல்லுதேன்னா, எனக்குத் தெரியாம நான் எதையும் பண்ணலைன்னு உங்களுக்கு விளங்கணும்.

இந்த மாச ஆரம்பத்துல ஒரு பிள்ளை வந்துது. இசக்கிராணின்னு பேரு. ஏழு வயசு. அம்மை சந்தனமாரி உப்பளத்துல வேலை பாக்கவ. தகப்பன் கேரளாவுக்குப் போனவன் போனவன்தான். உப்பளத்துல வெயில் ஏறுததுக்கு முந்தி உப்பை வாரணும்னு விடியாமலே போயிருவாவ, உங்களுக்குத் தெரியும்லா. பள்ளிக்கூடம் இருக்கும்போது பக்கத்து வீட்டுக்காரி எழுப்பி அனுப்பிருவா. முழுப்பரீட்சை லீவு விட்டாச்சு, பக்கத்து வீட்டுக்காரியும் ஊருக்குப் போயிட்டா. இவ என்ன பண்ணியிருக்கா, பிள்ளையை உள்ள வச்சு வெளிய பூட்டிட்டுப் போயிருக்கா. மத்தியானம் வந்துதான் தொறக்கது. யாரோ பாத்துட்டு போன் போட்டுட்டாவ. பூட்டை ஒடைச்சுக் கொண்டாந்தாவ.

"ஏன் பூட்டுன?"ன்னு கேட்டேன். "தொறந்து போட்டுட்டுப் போவ முடியாதும்மா. அந்த லைன் வீடுகள்ல குடிச்சிட்டுக் கெடக்கவனுவதான் நெறைய"ன்னா. அழலை. அழுதிருந்தா எனக்குக் கொஞ்சம் மனசு எறங்கியிருக்கும். கையைக் கட்டிக்கிட்டு சொவத்தைப் பாத்துச் சொல்லுதா. உள்ளங்கையெல்லாம் வெடிப்பு.

பிள்ளைகிட்ட கேட்டேன், "நேத்து என்ன சாப்பிட்ட?"ன்னு. "அம்மைகூட சாப்பிட்டேன்"னுது. என்ன சாப்பிட்டன்னு கேட்டா யார்கூடன்னு பதில் சொல்லுது. பாருங்க, மழுப்புது. சரின்னு முட்டையை உரிச்சுக் குடுத்தேன். லீவுல சத்துணவும் கிடையாது, முட்டையைக் கண்டு மூணு வாரம் ஆயிருக்கும். ஒரு கடி கடிச்சுது. பொறவு மெல்லமா எங்களைப் பாத்துது. கையைக் கீழே எறக்கி மிச்சத்தைப் பாவாடை மடிப்புக்குள்ள சொருவிக்கிட்டுது. நான் பாத்துட்டேன். மத்த ரெண்டு பேருக்கும் தெரியலை, எனக்கு எங்ஙன தப்பும்?

"சார், ஒளிச்சு வைக்குது. அந்த வீட்டுல அடுப்பு எரியலை"ன்னேன்.

அன்னைக்கு மூணு பேர்தான். தலைவர், நான், வக்கீல் பெனிட்டா. முப்பது வயசு கூட ஆவலை அந்தப் பிள்ளைக்கு. அவ சொன்னா, "டீச்சர், பூட்டுனது தப்புதான். அதுக்கு வழி இருக்கு. அம்மா வேலைக்குப் போற நேரத்துக்குப் பிள்ளையை விட ஒரு இடம் பாப்போம், உதவித்தொகைக்கு எழுதுவோம். வீட்டுல வசதி இல்லைங்கிறதுக்காகப் பிள்ளையைப் பிரிக்கக் கூடாதுன்னு சட்டமே சொல்லுது"ன்னு. நான் கேட்டேன், "நீ சட்டம் படிச்சவ. சோத்துப் பானையை எறக்கிப் பாத்திருக்கியா? பசிச்ச பிள்ளை மூஞ்சி உனக்குத் தெரியுமா?"ன்னு. கேட்டதுல தப்பு ஒண்ணும் இல்லை. தொனிதான் கொஞ்சம் கூடிப் போச்சு. அவ முகம் வாடிட்டு. தெய்வநாயகம் சார் என்னைப் பாத்தாரு. "டீச்சர் சொன்னாச் சரி"ன்னு பேனாவை எடுத்தாரு. ரெண்டு பேர் இந்தப் பக்கம், ஒருத்தி அந்தப் பக்கம். பிள்ளை இல்லத்துக்குப் போவட்டும், மூணு மாசம் கழிச்சு மறுபடியும் பாப்போம்னு உத்தரவு. தலைவர் கையெழுத்து, அதுக்குக் கீழே என் கையெழுத்து. நல்லாத் தெளிவா, முழுப் பேரையும் போடுவேன் நான்.

தாயும் பிள்ளையும் மாடிப்படி எறங்கிப் போவும்போது நான் ஜன்னல்ல நின்னு பாத்தேன். ஜீப்புல ஏத்துததுக்கு முந்தி பிள்ளை மடிப்புல கையை விட்டு அந்த முட்டையை எடுத்து அம்மை கையில வைக்குது. அவளும் வாங்கிக்கிட்டா. நான் பெனிட்டாவைக் கூப்பிட்டுக் காட்டுனேன். "பாரு, பிரிஞ்சு போவுத நேரத்துலயும் பிள்ளை வாயில உள்ளதை வாங்குதா. இவள்லாம் தாயா?"ன்னேன். பெனிட்டா பைல் கட்டை எடுத்துக்கிட்டு அடுத்த கேசைக் கூப்பிடப் போயிட்டா.

என்ன நம்பர் ஓடுது? நூத்தி நாலா. ஆவட்டும், ஆவட்டும். இன்னைக்குள்ள உள்ளே போயிரணும் அண்ணாச்சி. குழு போட்ட உத்தரவு சரியில்லைன்னா முப்பது நாளைக்குள்ள கலெக்டர்கிட்ட முறையிடணும். இன்னைக்கு இருபத்தெட்டாவது நாள். அடுத்த திங்கக்கிழமைன்னா கதவு சாத்திரும். ஜூன் மாசம் பள்ளிக்கூடம் தொறந்ததும் அந்த இல்லத்துச் சின்னப் பிள்ளைகளையெல்லாம் வேற மாவட்டத்துக்கு மாத்தப் போறாவ. உப்பளத்துக்காரி ஒருநாள் கூலியை விட்டுட்டு ரெண்டு பஸ் மாறி அங்ஙன போய்ப் பாப்பாளா? ஒரு வருஷத்துல பிள்ளைக்கு அம்மை முகமே மங்கிப் போவும்.

முந்தின வாரம் நானும் பெனிட்டாவும் இல்லத்தைப் பாக்கப் போனோம். மாசம் ஒருக்கா போய்ப் பாக்கணும்னு இருக்கு. வார்டன் வந்ததும் வராததுமா, "மேடம், நீங்க அனுப்புன பிள்ளை திருடுது"ன்னா. எனக்குச் சுருக்குன்னு ஆயிட்டு. நான் அனுப்புன பிள்ளையா திருடும்? போய்ப் பாத்தா, அது தகரப்பெட்டியில இருந்து ஒரே நாத்தம். தொறந்தா கணக்கு நோட்டைக் கிழிச்சு மடிச்ச நாலு பொட்டலம். ஒண்ணொண்ணா பிரிச்சேன். உள்ளே முட்டை. கெட்டு, பச்சை ஓடிப் போன முட்டை.

இல்லத்துல மூணு வேளை சோறு போடுதாவ அண்ணாச்சி. வாரத்துக்கு நாலு முட்டை. ஒளிக்க வேண்டிய அவசியம் என்ன? எனக்குப் புரியலை. முப்பத்தோரு வருஷத்துல எனக்குப் புரியாத முட்டை அதுதான். திருப்பித் திருப்பிப் பாக்கேன். அப்பதான் கண்ணுல பட்டுது. நாலும் பாதி. ஒரு பக்கம் பல்லு பதிஞ்சிருக்கு, மறுபக்கம் மஞ்சக்கருவோட அப்படியே இருக்கு. சொல்லிவச்ச மாதிரி நாலும் சரிபாதி.

பசியில ஒளிக்கவன் முழுசா ஒளிப்பான். பாதி தின்னுட்டு யாரு ஒளிப்பா?

பக்கத்துல உக்காத்தி வச்சுக் கேட்டேன். "அது அம்மைக்கு"ன்னுது. "அவ எது வந்தாலும் எனக்குப் பாதி வைப்பா, நான் அவளுக்குப் பாதி வைப்பேன். ஞாயித்துக்கிழமை வந்தா. கேட்டுல குடுக்க விடலை"ன்னுது. பொறவு என் மூஞ்சியைப் பாத்து ஒண்ணு கேட்டுது. "டீச்சர், அன்னைக்கு நீங்க குடுத்த முட்டையில அம்மைக்குப் பாதி குடுத்தேம்லா, அவ தின்னாளா? அதுக்குள்ள ஜீப்பு கெளம்பிட்டு, நான் பாக்கலை."

எனக்கு ஒண்ணும் ஆவலை. அந்த வெயில்ல வந்தது தலையைச் சுத்திட்டு, அவ்வளவுதான். தகரப்பெட்டி மேலயே கொஞ்ச நேரம் உக்காந்திருந்தேன். வார்டன் தண்ணி கொண்டாந்து தந்தா. பெனிட்டா வாசப்படியில நின்னுக்கிட்டிருந்தா. அவ மட்டும் அன்னைக்கு, "நான் அப்பவே சொன்னேன்லா டீச்சர்"னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நான் இன்னைக்கு இங்ஙன வந்திருக்க மாட்டேன். வீம்புக்காவது விட்டிருப்பேன். சொல்லலை பாவி. நல்ல பிள்ளை.

மறுநாள் தெய்வநாயகம் சார்கிட்ட போய், உத்தரவை மாத்துங்கன்னேன். "டீச்சர், ஒரு மாசம் கூட ஆகலை. நாமளே போட்டு நாமளே மாத்துனா குழுவுக்கு என்ன மரியாதை? மூணு மாசம் கழிச்சுப் பாப்போம்"னாரு. "அதுக்குள்ள பிள்ளை வேற மாவட்டத்துக்குப் போயிருமே சார்"னேன். "அப்ப அங்க உள்ள குழு பாத்துக்கும்"னாரு. "அப்ப நான் கலெக்டர்கிட்ட போறேன்." "உங்க கையெழுத்து போட்ட உத்தரவுக்கு எதிரா நீங்களே எப்படிப் போவீங்க? குழுவுல உக்காந்துக்கிட்டு அதைச் செய்ய முடியாது"ன்னாரு. அவர் சொல்லுததும் நியாயம்தான். அதனாலதான் நாற்காலியைத் தள்ளிப் போட்டேன். தாளை வாங்கி அங்ஙனயே ராஜினாமா எழுதிக் குடுத்தேன். இதுக்குப் பேரு தூக்குததா? நீங்களே சொல்லுங்க.

பொறவு உப்பளத்துக்குப் போனேன். கண்ணு கூசுது அங்ஙன. சந்தனமாரி உப்பு வாரிக்கிட்டிருந்தா. நான் போய் நின்னேன். என்னைத் திட்டுவா, மண்ணை வாரித் தூத்துவான்னு நெனச்சேன், அதுக்குத் தயாராத்தான் போனேன். பலகையைக் கீழே வச்சா. "பிள்ளை வருமா?"ன்னு கேட்டா. அம்புட்டுதான். மனு போடணும், திங்கக்கிழமை காலையில பஸ் ஸ்டாண்டுக்கு வந்துருன்னு சொல்லிட்டு வந்தேன் அண்ணாச்சி.

அன்னா, அந்தக் கொழாய்கிட்ட கீழே உக்காந்திருக்காளே, நீலச் சேலை, அவதான். நாற்காலியில உக்காருன்னா உக்கார மாட்டேங்கா. இவளுக்காகத்தான் இம்புட்டுத் தூரம் வந்திருக்கேன், காலையில இருந்து என்கிட்ட நாலு வார்த்தை பேசலை. நன்றி கெட்டவன்னு சொல்ல வரலை. இருந்தாலும் மனுஷின்னா பேசணும்லா.

மனு அவ பேர்லதான். அதோட நான் ஒரு தாளு எழுதி வச்சிருக்கேன். வெளிய வேப்பமரத்தடியில மனு எழுதுதாரே, அவர்தான் எழுதுனாரு. "மேற்படி உத்தரவில் நான் தவறுதலாகக் கையொப்பமிட்டுவிட்டேன்"னு எழுதிட்டாரு. அடியும்யா அந்த வார்த்தையைன்னேன். "தப்பு இல்லைன்னா எதுக்கும்மா மனு?"ன்னு கேக்காரு. "எனக்கு அன்னைக்குத் தெரிஞ்சது அம்புட்டு. இன்னைக்குத் தெரிஞ்சது இம்புட்டு. அப்படியே எழுதும்"னேன். மூணுதரம் கிழிச்சு எழுதுனாரு. இந்தாங்க, படிச்சுப் பாருங்க. கண்ணாடி இல்லையா? நானே சொல்லுதேன். "குழந்தை முட்டையை ஒளித்து வைத்ததை நான்தான் பார்த்தேன். அது பாதி என்பதைப் பார்க்கவில்லை. நான் சொன்னதால்தான் குழந்தை பிரிக்கப்பட்டது. இதற்குத் தலைவரோ வழக்கறிஞரோ பொறுப்பில்லை. நான்தான் பொறுப்பு. குழந்தையை அம்மாவிடம் அனுப்ப வேண்டும்." இதுல எங்கயாவது தப்புங்கிற வார்த்தை இருக்கா? இல்லைலா. அதான்.

விடியக்காலம் நாலு மணிக்குத்தான் பெனிட்டா போன் போட்டா. தூங்க மாட்டா போல. சந்தனமாரி வீட்டுக்குப் பக்கத்துத் தெரு பால்வாடி ஆயாம்மா, பிள்ளையைக் காலையில பாத்துக்கிடுதேன்னு எழுதிக் குடுத்திருக்காளாம். அந்தக் கடுதாசியையும் வார வழியில வாங்கி இதுல சேத்தாச்சு. அவ குழுவுல இருக்கதால இங்ஙன வர முடியாது. வந்தா அவளையும் தூக்கிட்டாவன்னு அந்த வெள்ளைச் சட்டைக்காரர் சொல்லுவாரு.

கலெக்டர் கேப்பாரு, அந்த அம்மை ஒழுங்கா வளப்பாளா, என்ன அத்தாட்சின்னு. கேக்கட்டும். நான் காலையில பஸ் ஸ்டாண்டுல இவளைப் பாத்ததும், வெறும் வயித்தோட வந்திருக்கான்னு தெரிஞ்சுது. தூக்குவாளியில கையை விட்டு ஒரு முட்டையை எடுத்துக் குடுத்தேன். பழக்கதோஷம். வேண்டாம்னா. தின்னுன்னு அதட்டுனேன். ஒரு கடி கடிச்சா. பொறவு நான் அந்தப் பக்கம் திரும்புவேனான்னு பாத்துக்கிட்டே இருந்தா. நான் வேணும்னே திரும்புனேன். ஓரக்கண்ணால பாத்தா, மிச்சத்தை முந்தானையில முடிஞ்சு இடுப்புல சொருவுதா.

பிள்ளை இன்னைக்கே வந்துரும்னு நெனச்சிக்கிட்டாளோ என்னவோ. வராது அண்ணாச்சி. மனுவை வாங்கி, விசாரிச்சு, ஆள் அனுப்பி, எத்தனை நாள் ஆவுமோ. அதை அவகிட்ட நான் சொல்லலை. நீங்களும் சொல்லிராதீங்க.

என்னது? நூத்தி முப்பத்தஞ்சுல இருந்து நாப்பது வரைக்கும் வரிசைக்கு வரச் சொல்லுதானா? பாத்தியளா, பேச்சு வாக்குல நேரம் போனதே தெரியலை. இந்தத் தூக்குவாளியைக் கொஞ்சம் பாத்துக்கிடுங்க. பசிச்சா உள்ளே ஒண்ணு இருக்கு, எடுத்துக்கிடுங்க. நீங்க எப்படித் தின்னாலும் நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன்.

ஏ சந்தனமாரி, எந்திரி தாயி, நம்ம நம்பர் வந்துட்டு. கையைக் கட்டிக்கிட்டு நிக்காத, சொவத்தைப் பாத்துப் பேசாத, அவர் மூஞ்சியைப் பாத்துப் பேசு. பேச வரலைன்னா பேசவே வேண்டாம், நான் பேசிக்கிடுதேன். அந்த முந்தானை முடிச்சை மட்டும் இப்ப அவுக்காத. நான் சொல்லும்போது அவுத்து, கலெக்டர் மேசை மேல வை.